கொள்முதல் கமிட்டி கூடியது

நேர்மையான கொள்முதலே ஒரு தேசத்தின் முதுகெலும்பு. பேரரசுகள் எழுந்ததும் வீழ்ந்ததும் விலைப்புள்ளியால்தான். வரலாறு இதை எழுதத் தவறிவிட்டது.

இப்படி முழங்கியபோது ராமமூர்த்தி இடுப்பில் துண்டோடும் தலையில் பாதி எண்ணெயோடும் நின்றிருந்தார். சனிக்கிழமைக் குளியல். கேட்டுக்கொண்டிருந்தவை அவர் மனைவி அலர்மேல்மங்கையும் ஒரு முறம் அவரைக்காயும். அவரைக்காய் குறுக்கிடவில்லை.

"வெந்நீர் ஆறுது" என்றார் அலர்மேல்மங்கை.

செல்லூரில் இந்தச் சந்து வீட்டுக்கு வாரந்தோறும் வந்து போகிறவர்களுக்குச் சங்கதி தெரியும். இன்றுதான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்காக நாலு வரி. இந்த வீட்டு மருமகள் தேவிகா, ஒரு இன்டீரியர் அலுவலகத்தில் பிறர் வீட்டுச் சமையலறைகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். பல மாதம் வீட்டுச் சமையலறையிலேயே நின்ற பிறகு, போன வாரம் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று அவளை எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்தே வேலை. ஆனால் கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும். வர இருக்கிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதன் முன்னால் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அவளைக் கூப்பிடவும் ஒரு இடம் காத்திருந்தது. அலர்மேல்மங்கையின் தம்பி வைத்திருக்கும் நெய்க்கடையின் கல்லா ஸ்டூல். 'நம்ம கடைதானே' என்பதால் அதற்குச் சம்பளம் கிடையாது.

பழைய அலுவலகம் கணக்கு முடித்துக் கொடுத்த தொகையில்தான் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். பணம் தேவிகாவுடையது. எனவே அதை எப்படிச் செலவழிப்பது என்று மாமனார் முடிவு செய்தார்.

ராமமூர்த்தி அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரின்டென்டென்டாக ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் சாப்பாடு, சண்டை, சமாதானம் எல்லாம் சௌராஷ்டிர மொழியில்தான் நடக்கும். கொள்முதல் என்று வந்துவிட்டால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவார். வீட்டு மொழியில் பேசினால் கோப்புக்கு மரியாதை போய்விடும் என்பது அவர் எண்ணம். அன்று காலை இட்லி முடிந்ததும் ஹாலில் தமிழ் ஒலிக்கத் தொடங்கியது. கமிட்டி கூடிவிட்டது என்று அர்த்தம்.

கமிட்டிக்குத் தலைவர் ராமமூர்த்தி. உறுப்பினர்கள் அலர்மேல்மங்கையும் மகன் கார்த்திகேஷும். துணிக்கடை ஒன்றில் வேட்டிப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் கார்த்திகேஷ், இதற்கென்றே லீவு போட்டிருந்தான்.

தேவிகா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நானும் உக்காரட்டுமா மாமா?"

"நீ யூசர் டிபார்ட்மென்ட்டும்மா. யூசர் கமிட்டில உக்காரக் கூடாது. ஆடிட்ல கேள்வி வரும்."

"நம்ம வீட்டுக்கு யாரு மாமா ஆடிட் வரப்போறாங்க?"

"வரலேன்னா தப்புப் பண்ணலாமா?"

எதிர்க்கேள்வியால் பேச்சை முடிப்பதில் அவருக்கு முழு சர்வீஸின் பழக்கம் இருந்தது.

எந்தெந்தப் பாகம் வேண்டும் என்று தேவிகா ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தாள். கார்த்திகேஷோடு பள்ளியில் படித்த சிராஜ், கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். அவனிடம் பேசிப் பேசி, இதைக் குறைத்து அதைக் கூட்டி, கைப்பணத்துக்குள் அடங்குகிற மாதிரி அவள் அமைத்த கம்ப்யூட்டர் அது. முப்பரிமாணப் படத்துக்குத் தேவையான கிராபிக்ஸ் கார்டில் கை வைக்காமல் மற்றவற்றில் சிக்கனம் செய்திருந்தாள். ராத்திரி தூக்கத்தில்கூட அவளால் அதை ஒப்பிக்க முடியும்.

அந்தக் காகிதத்தில் ராமமூர்த்தி ஒரு சிறு திருத்தம் செய்தார். கம்பெனிப் பெயர், மாடல் எண் எல்லாவற்றையும் அடித்துவிட்டார்.

"குறிப்பிட்ட கம்பெனி பேரைப் போட்டா ஒருதலைப்பட்சம். ப்ராசஸர் ஒண்ணு, போர்டு ஒண்ணு, மெமரி ஒண்ணு. அவ்வளவுதான் கேக்கணும்."

இப்படிக் கேட்டு மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கியாயிற்று. ஒட்டிய கவரில். மூன்று கடை விலைகளையும் ஒரே தாளில் 'ஸ்டேட்மென்ட்' போட்டு, ஒவ்வொரு வரிசையிலும் எந்தக் கடை விலை குறைவோ அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டாயிற்று. வட்டம் போட்ட இடத்தில் வாங்குவது. ப்ராசஸர் ஒரு கடை, போர்டு ஒரு கடை, கிராபிக்ஸ் கார்டு சிராஜ் கடை.

தேவிகா ஓரடி முன்னால் வந்தாள்.

"மாமா, ஒண்ணோட ஒண்ணு சேரணும். எல்லா ப்ராசஸரும் எல்லா போர்டுலயும் உக்காராது. அந்த ஸ்டேட்மென்ட்டை ஒரு நிமிஷம் காட்டுங்க. மாடல் பேரைப் பாத்துட்டுத் தந்துடுறேன்."

"கவர் ரகசியம்."

"ஒரே ஒரு நிமிஷம்."

"அம்மா தேவிகா, எங்க ஆபீஸ்ல நாற்காலி ஒரு கடை, மேஜை ஒரு கடைன்னுதான் வாங்குனோம். நாற்காலி மேஜைகிட்டப் போக மாட்டேன்னு சொல்லுச்சா?"

அலர்மேல்மங்கை சிரித்தார். கமிட்டியின் நகைச்சுவையை உறுப்பினர்கள் ஆதரிப்பது மரபு.

"என் பணம் மாமா" என்றாள் தேவிகா. மெதுவாகத்தான் சொன்னாள்.

சிரிப்பு நின்றது.

"பணம் யாரோடதுன்னு பேச ஆரம்பிச்சாச்சுன்னா அப்புறம் குடும்பம் எதுக்கு?" என்றார் அலர்மேல்மங்கை.

தேவிகா கணவனைப் பார்த்தாள். கார்த்திகேஷ் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஸ்டேட்மென்ட்டில் கையெழுத்துப் போட்டான். படித்துப் பார்த்தானா என்று கேட்கிறவர்களுக்கு அவனைத் தெரியாது.

"கடைக்காவது நான் கூட வாரேனே" என்றாள் தேவிகா.

"யூசர் கடைக்கு வந்தா கடைக்காரன் வளைச்சுடுவான்" என்று சொல்லி, ராமமூர்த்தி மூக்குக் கண்ணாடியைச் சட்டைப்பையில் செருகினார்.

கடைசிக் கடை சிராஜுடையது. கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டி, ஜெராக்ஸ் கடைக்கும் பழக்கடைக்கும் நடுவில் ஏறும் ஒடுக்கமான படி. ராமமூர்த்தி ஒவ்வொரு படியாக நின்று மூச்சு வாங்கி ஏறினார். பின்னால் பைகளோடு கார்த்திகேஷ்.

"வாங்க சார், உக்காருங்க. மாப்ள, என்னடா பேயறைஞ்ச மாதிரி இருக்க? டீ சொல்லவா?" என்றான் சிராஜ்.

"சப்ளையர்கிட்ட டீ குடிக்கிறதில்ல" என்றார் ராமமூர்த்தி.

"நான் சப்ளையர் இல்ல சார், ஒங்க வீட்டுல புளியோதரை தின்ன பய." சிராஜ் கிராபிக்ஸ் கார்டைக் கவரில் போட்டபடியே பையை எட்டிப் பார்த்தான். அட்டைப்பெட்டிகளின் மூலை தெரிந்தது. "அது என்ன போர்டு சார்? காட்டுங்க. தேவிகா சொன்ன மாடலு மாதிரி தெரியலையே."

ராமமூர்த்தி தோளிலிருந்த துண்டை எடுத்துப் பையை மூடினார்.

"ஒரு பார்ட்டிகிட்ட வாங்கினதை இன்னொரு பார்ட்டிகிட்டக் காட்டுறது விதிமீறல்."

"சார், பொண்ணா பாக்கக் கேக்குறேன்? போர்டுதான சார்."

"பில் குடுங்க."

சிராஜ் கார்த்திகேஷைப் பார்த்தான். கார்த்திகேஷ் சுவரில் மாட்டியிருந்த மவுஸ்களைப் பார்த்தான்.

இவ்வளவு விதிகளிலும் ஒரே ஒரு விலக்கு நடந்தது. எல்லாவற்றையும் உள்ளே வைக்கிற கேபினெட்டை மட்டும் ராமமூர்த்தி குறைந்த விலைக்கு வாங்கவில்லை. கண்ணாடிக் கதவு, உள்ளே சுற்றுகிற மின்விசிறி, அதில் ஏழு நிறத்திலும் மாறி மாறி எரியும் விளக்கு. ஹாலுக்கு வருகிறவர்கள் கண்ணில் படுகிற பொருள் அல்லவா? தலைவரின் தனி அதிகாரத்தில் அது ஒப்புதல் பெற்றது. கைப்பணம் அத்தோடு தீர்ந்தது.

மத்தியானம் திரும்பி வந்ததும் பெட்டிகள் ராமமூர்த்தியின் அறைக்குள் போயின. 'ஸ்டாக் என்ட்ரி' ஆகாமல் வெளியே வராது என்றார். கதவைச் சாத்திக்கொண்டு என்ட்ரி போட்டார். பிறகு கொஞ்சம் குறட்டை கேட்டது. அதுவும் என்ட்ரியில் சேர்த்தியாக இருக்கலாம்.

தேவிகா அந்தக் கதவுக்கு வெளியே மூன்று முறை வந்து நின்றுவிட்டுப் போனாள். ஒரு கதவைத் தட்டுவது இவ்வளவு கஷ்டமா என்று கேட்கலாம். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

எமகண்டம் போய் வெயில் தாழ்ந்ததும் அலர்மேல்மங்கை கூடத்தில் கோலம் போட்டு மணை போட்டார். புதுப் பொருள் வந்தால் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டாமல் அந்த வீட்டில் ஒரு மிக்ஸி ஜார்கூடச் சுற்றியதில்லை.

"வெத்தலை இல்ல, பூ இல்ல. தேவிகா, ஓடிப் போய் வாங்கிட்டு வந்துடு."

"போறேன் அத்தை. ஆனா டப்பாவை மட்டும் பிரிச்சுடாதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்."

"சரி சரி. நல்ல நேரம் போகுது."

சனிக்கிழமை மாலை என்பதால் பூக்காரம்மாவைச் சுற்றிக் கூட்டம். தேவிகா வரிசையில் நின்றாள். அங்கே நிற்கும்போது மட்டும், அன்று முழுவதிலும் அந்தச் சில நிமிடம் மட்டும், அவளுக்கு நன்றாக இருந்தது. ஒருவேளை எல்லாம் சரியாகவே இருக்கும். மலிவான ப்ராசஸரும் மலிவான போர்டும் ஒரே இனமாக அமைந்துவிடலாம். திங்கட்கிழமை முதல் வரையப் போகிற சமையலறைகளை நினைத்தாள். ஜன்னலோரம் ஒரு மேடை, யாரும் நின்றுகொண்டே சாப்பிடாதபடி இரண்டு முக்காலி. கொஞ்சம் மல்லிகை அதிகமாகவே வாங்கினாள்.

வீட்டில் நல்ல நேரம் அவளுக்காகக் காத்திருக்கவில்லை.

"டப்பாவுக்குப் பொட்டு வச்சா டப்பாவுக்குத்தான் போய்ச் சேரும்" என்று அலர்மேல்மங்கை சொன்னார். இதில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை. அதனால் ஒவ்வொரு பெட்டியாகச் சீல் கிழிந்தது. ராமமூர்த்தி பொருளின் பெயரை உரக்கப் படித்தார். அலர்மேல்மங்கை மோதிர விரலால் சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தார்.

முதல் பெட்டிக்குக் கத்தரிக்கோலை எடுத்தபோதே கார்த்திகேஷின் போன் அடித்தது. மாடிப்படிக்குப் போய்ப் பேசினான். திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"யாருடா?" என்றார் அம்மா.

"சிராஜ்."

வாயைத் திறந்தான். அப்பா உரத்த குரலில் 'ப்ராசஸர் ஒன்று' என்றார். வாயை மூடிக்கொண்டான்.

"சும்மா நிக்காம தட்டைப் பிடி."

கற்பூரத் தட்டைப் பிடித்தான்.

தேவிகா பூவோடு நுழைந்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. மணைமேல் எல்லாம் பிரித்து அடுக்கியிருந்தது. மானிட்டருக்குப் பெரிய பொட்டு. கீபோர்டுக்கு இரண்டு பக்கமும் பொட்டு. கேபினெட்டின் கண்ணாடியில் பட்டை நாமம். போர்டு தன் பாதுகாப்பு உறையிலிருந்து வெளியே வந்து, ஓரத்தில் சந்தனத்தோடு கிடந்தது.

அவள் மண்டியிட்டு போர்டைப் பார்த்தாள். பிறகு ப்ராசஸரைக் கையில் எடுத்தாள். ஒரு பிஸ்கட் அளவு. அதன் ஒரு பக்கம் பொன்னிறப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் அது போர்டோடு பேசும். அந்தப் பக்கத்தின் நட்டநடுவில் ஈரச் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

"அந்தப் பக்கந்தான் தங்கமா மின்னுச்சு. அதான் முகம்னு நெனைச்சேன்" என்றார் அலர்மேல்மங்கை.

பொட்டு பெரிய விஷயமில்லை, துடைத்துவிடலாம். தேவிகா பார்த்துக்கொண்டிருந்தது வேறு. ப்ராசஸர் இன்டெல். போர்டு ஏஎம்டி ப்ராசஸருக்கானது. ஒன்றில் தட்டையான புள்ளிகள். மற்றதில் ஊசிக்கால்கள் இறங்குவதற்கான துளைகள். இரண்டும் ஒரு வீட்டில் ஒரே மணைமேல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். சேர்ந்து ஒரு நாளும் வேலை செய்யாது.

"மாமா, இது அதுல உக்காராது."

"அழுத்திப் பாரு."

"அழுத்தினா உடையும்."

"ரெண்டும் கம்ப்யூட்டர் பாகந்தானே?"

"வேற வேற கம்பெனி மாமா. காலைல இதத்தான் சொன்னேன்."

ராமமூர்த்தி உடனே போர்டு வாங்கிய கடைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார். அதிகாரத்தின் குரல் எல்லோருக்கும் கேட்க வேண்டும்.

"மாத்தித் தரணும். நான் ரிட்டயர்டு சூப்பரின்டென்டென்ட்."

"சந்தோஷம் சார். சீல் உடைக்காம இருக்குல்ல?"

"பூஜைக்காகப் பிரிச்சோம்."

"பொட்டு கிட்டு வச்சிருக்கீங்களா சார்?"

ராமமூர்த்தி ஸ்பீக்கரை அணைத்தார். அதன் பிறகு அதிகாரத்தின் குரல் அவர் காதுக்குள் மட்டும் ஒலித்தது.

போனை வைத்தபின் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டு கடைக்கும் விளக்கம் கேட்டு லெட்டர் போடுறேன். முப்பது நாள் டைம் குடுப்போம்."

"திங்கக்கிழமை பத்து மணிக்கு நான் உக்காரணும் மாமா."

"அந்தக் கம்பெனிக்கும் ஒரு லெட்டர் போடலாம். கால அவகாசம் கேட்டா தராம இருப்பாங்களா?"

"தர மாட்டாங்க."

"அப்ப அது நல்ல கம்பெனி இல்ல" என்று தீர்ப்பளித்துவிட்டு அவர் வெள்ளைத் தாள் தேடப் போனார்.

மணைக்கு எதிரே தேவிகா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் நம்பிக்கை வேண்டும். யாராவது வந்து என்ன என்று கேட்பார்கள் என்கிற நம்பிக்கை. மடியில் மல்லிகைப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. அந்த வீட்டில் அன்று பிரிக்காமல் இருந்த ஒரே பொட்டலம்.

"எல்லாம் நல்லதுக்குத்தான். நெய்க்கடையில ஒக்காந்த எடத்துல வேலை. தலைக்கு மேல ஃபேன் வேற" என்றார் அலர்மேல்மங்கை. ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

தேவிகா எழுந்து சமையலறைக்குப் போய் சிராஜைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே அவன் குறுக்கிட்டான்.

"என்னது, பிரிச்சாச்சா? ஏம்மா தங்கச்சி, மாப்ள சொல்லலையா?"

"என்ன சொல்லலையா?"

"அவனுக்குச் சாயங்காலமே போனப் போட்டேனே. பையில பெட்டி மூலையப் பாத்ததுல இருந்தே மனசு கேக்கல. ரெண்டும் சேராது போல தெரியுது, யாரும் சீல உடைக்காதீங்க, அந்தக் கடைக்காரரு நமக்குப் பழக்கந்தான், நாளைக்கு நானே மாத்தி வாங்கித் தாரேன்னு அம்புட்டும் சொன்னேன். இன்னும் பிரிக்கல, சரி சரின்னான்."

தேவிகா குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, இப்ப வேற போர்டு கிடைக்குமா?"

"இன்டெல் போர்டு எங்கிட்டத் தீந்துபோச்சும்மா. செவ்வாக்கெழமைதான் லோடு வரும்." அவனே ஒரு வழியும் சொன்னான். "ஒண்ணு செய்யலாம். கடையில டெமோ மெஷினு ஒண்ணு கெடக்கு. அதுல கிராபிக்ஸ் கார்டுதான் இல்ல. நீங்க வாங்குன கார்டைக் கொண்டாந்தா மாட்டிவிட்டுர்றேன். திங்கக்கெழம இங்க வந்து உக்காந்து வேலையப் பாருங்க. எங்க வீட்டுக்காரி ஹுமா கவுன்டர்லதான் இருப்பா, ஒங்களுக்கும் தொணையாச்சு. போர்டு வந்ததும் வீட்டுக்குக் கொண்டு போயிரலாம், காசு மெதுவாக் குடுங்க."

கதவருகே ராமமூர்த்தி நின்றிருந்தார். லெட்டருக்குப் பேனா தேடி வந்தவர்.

"யார் வீட்டு மருமக, எங்க போய் உக்கார்றது? சிக்னலுக்கு மேல, மாடியில, போறவன் வர்றவன் பாக்க? நாளைக்கு நம்ம சௌராஷ்டிர சபையில நான் தலை காட்ட வேண்டாமா?"

"வேலை மாமா."

"வேலைக்கு ஒரு கௌரவம் வேணாமா? இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சுது."

கமிட்டி கலைந்தது. ஹாலில் ராமமூர்த்தி எழுதத் தொடங்கினார். அவருக்கு எதிரே புதுக் கேபினெட்டின் விளக்கு நீலத்திலிருந்து ஊதாவுக்கும் ஊதாவிலிருந்து சிவப்புக்கும் மாறிக்கொண்டிருந்தது. அதை மட்டும் எரியவைக்கப் பெட்டியோடு வந்த சின்ன அடாப்டரே போதுமானதாக இருந்தது. ஜன்னல் வழியே பார்த்த எதிர்வீட்டுப் பெண்மணி, "கம்ப்யூட்டர் வந்தாச்சா? அழகா இருக்கே" என்றார். "வந்தாச்சு" என்றார் அலர்மேல்மங்கை.

அறையில் தேவிகா தன் பழைய அலுவலகப் பையை எடுத்தாள். கிராபிக்ஸ் கார்டை அதன் பெட்டியிலேயே வைத்து, சுற்றி ஒரு சுடிதார்த் துப்பட்டாவைத் திணித்தாள். அவள் சொன்னபடி வாங்கிய ஒரே பொருள். அதன்மேலும் பொட்டு இருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

கார்த்திகேஷ் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"சிராஜ் அண்ணன் சொன்னாராமே" என்றாள்.

அவன் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டான்.

"உங்க அம்மா முதல் சீலைக் கிழிக்கறதுக்கு முன்னாடியே தெரியும் உங்களுக்கு. தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கீங்க."

"அப்பா படிச்சுக்கிட்டு இருந்தாரு தேவி. நடுவுல எப்படி..."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. இடம் காலியாக இருந்தது.

"போனது போகட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். திங்கக்கிழமை காலைல கோரிப்பாளையத்துல என்னைக் கொண்டு போய் விடுவீங்களா? மாட்டீங்களா?"

கார்த்திகேஷ் கதவைப் பார்த்தான். அந்தப் பக்கம் பேனா தாளில் கீறும் சத்தம் கேட்டது.

அவனுக்கு வயது முப்பத்தாறு. அப்பாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான்.